"எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறது நெட் நிறுவனம்; ஆன்லைன் விற்பனையாளர் என்ன செய்யலாம்?

கேள்வி: ஆன்லைனில் பொருள் விற்கிறேன். சொந்தத் தளம் ஒன்று, சந்தைத் தளங்கள் இரண்டில் கணக்கு. எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஃபைபர் தருவது ஒரே நிறுவனம்தான். 100 எம்பிபிஎஸ் திட்டம். பகலில் பரவாயில்லை, இரவு எட்டு மணிக்கு மேல் படம் ஏற்ற முடிவதில்லை, கூரியர் லேபிளுக்குப் பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. சந்தைத் தளம் அடிக்கடி "நீங்கள் மனிதர்தானா" என்று சரிபார்க்கச் சொல்கிறது. அதே நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு என் ஆர்டர் உறுதி மெயில் போய்ச் சேருவதே இல்லை. கஸ்டமர் கேரில் "எங்கள் பக்கம் எல்லாம் சரி, ரூட்டரை அணைத்துப் போடுங்கள்" என்ற ஒரே பதில். 24 மாத ஒப்பந்தத்தில் 10 மாதம்தான் முடிந்திருக்கிறது. வேறு வழி உண்டா? — ஒரு வாசகர்

பதில்: நீங்கள் ஒரே மூச்சில் சொல்லியிருப்பது நான்கு தனித்தனிக் கோளாறுகள். மாலையில் அப்லோடு படுத்துவிடுவது ஒன்று, ஒரு குறிப்பிட்ட பக்கம் மட்டும் திறக்காமல் நிற்பது இன்னொன்று, சந்தைத் தளத்தின் சந்தேகம் மூன்றாவது, மெயில் போகாதது நான்காவது. நான்கையும் சேர்த்து "நெட் சரியில்லை" என்று சொன்னால், போனை எடுப்பவர் முன்னால் இருக்கும் திரையில் உங்கள் லைன் பச்சை விளக்கு காட்டும் வரை "எல்லாம் சரி" என்றுதான் பதில் வரும். அவர் பார்ப்பது உங்கள் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும். ஆகவே பிரித்துப் பிடியுங்கள். பாதிக்கு மேல் நிறுவனத்தைக் கேட்காமலே நீங்கள் சரிசெய்துகொள்ளலாம். மீதிக்கு அவர்கள் மறுக்க முடியாத ஒரு பக்கக் காகிதம் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்கள் கடைக் கணக்குகள் எந்த மின்னஞ்சல் முகவரியில் பதிவாகியிருக்கின்றன? அதுவும் அந்த நிறுவனம் கொடுத்த முகவரியாக இருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். லைனை விடும் நாளில் அந்த முகவரியும் போய்விடக்கூடும். சந்தைத் தளம், வங்கி, டொமைன் பதிவு என எல்லாவற்றின் கடவுச்சொல் மீட்பும் அங்கேதான் வந்து விழும். சொந்த டொமைனில் ஒரு முகவரி, அதன் பதிவு நெட் நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், மீட்பு முகவரி மூன்றாவது ஓர் இடத்தில் என்று பிரித்து வையுங்கள். சண்டைக்குப் போகுமுன் பிடி அவர்கள் கையில் இருக்கக் கூடாது.

இனி அப்லோடு. திட்டத்தின் பெயரில் இருக்கும் 100 என்பது இறங்கும் வேகம். விற்பவருக்கு வேண்டியது ஏறும் வேகம். அது ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில், பல திட்டங்களில் பத்தில் ஒரு பங்காக இருக்கும். உங்களுக்கு 10 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு. கோப்பின் அளவு மெகாபைட் கணக்கு. இரண்டுக்கும் எட்டு மடங்கு வித்தியாசம். ஒரு நாளைக்கு 40 பொருள், பொருளுக்கு 6 படம், கேமராவிலிருந்து அப்படியே எடுத்த படம் ஒன்று 6 மெகாபைட் என்றால் மொத்தம் 1440 மெகாபைட். 10 எம்பிபிஎஸ்ஸில் அது ஏற 19 நிமிடம். மாலையில் வேகம் 2-க்கு விழுந்தால் அதே வேலை 96 நிமிடம். நடுவில் ஒரு முறை அறுந்தால் பல தளங்களில் அந்தப் படத்தை முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள். நீள்பக்கம் 1600 முதல் 2000 பிக்சல், ஜேபெக் தரம் 80 என்று மொத்தமாக மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் ஒரு படம் 400 கிலோபைட் அளவில் அடங்கும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதிக்கும் அந்த அளவு பொதுவாகப் போதும். அதே 240 படம் இப்போது 96 மெகாபைட்தான். விழுந்துபோன 2 எம்பிபிஎஸ்ஸில்கூட ஆறரை நிமிடத்தில் முடிந்துவிடும். மூலப் படங்களைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள், தளத்துக்கு அனுப்ப வேண்டாம். இதற்கு இலவச நிரல்கள் நிறைய உண்டு. ஒரு கோப்புறையைக் கொடுத்தால் மொத்தத்தையும் மாற்றித் தரும். நிறுவனத்தோடு மல்லுக்கட்டி வேகத்தை இரண்டு மடங்காக்குவதைவிட இது பெரிய லாபம். ஆனாலும் பலர் இதைச் செய்வதில்லை.

படம் ஏறிக்கொண்டிருக்கும்போது மற்ற எல்லாமே திணறுகிறதே, அது வேறு நோய். அப்லோடு பாதை நிரம்பினால் ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் பாக்கெட்டுகளை, அதாவது தரவின் சிறு துண்டுகளை, வரிசையில் போட்டு வைக்கின்றன. அந்த வரிசை நீண்டால், உங்கள் லேபிள் பக்கம் அனுப்பும் சின்னஞ்சிறு கோரிக்கையும் படங்களுக்குப் பின்னால் நிற்கிறது. இறங்கும் பக்கமும் மெதுவாகும்; ஏனென்றால் வந்து சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் "வந்தது" என்ற ஒப்புகை மேலே போயாக வேண்டும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. கணினியில் கட்டளைச் சாளரம் திறந்து 8.8.8.8 என்ற முகவரிக்குத் தொடர்ந்து பிங் (ஒரு சிறு பாக்கெட் அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள். சும்மா இருக்கும்போது 15 மில்லிவினாடி, படம் ஏற்றத் தொடங்கியதும் 400, 700 என்று ஏறினால் சிக்கல் வரிசையில்தான்.

இதற்கு மருந்து ரூட்டரில் எஸ்க்யூஎம் என்ற வசதி; அந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்வது அது. சில ரூட்டர்களில் ஸ்மார்ட் க்யூ என்று எழுதியிருக்கும். நிறுவனம் தரும் இலவச ரூட்டரில் அநேகமாக இருக்காது. ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரூட்டர் ஒன்று வாங்கிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். அதில் எஃப்க்யூ-கோடெல் அல்லது கேக் முறையைத் தேர்ந்தெடுத்து, அப்லோடு வரம்பை நீங்கள் அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதம் வையுங்கள். 10 வந்தால் 8.5 என்று எழுதுங்கள். 10 என்றே எழுதினால் பயனில்லை; வரிசை மறுபடி நிறுவனத்தின் பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும், உங்கள் ரூட்டருக்கு அதன் மேல் அதிகாரம் கிடையாது. மாலையில் வேகம் 2-க்கு விழுகிறது என்றால் 8.5 என்ற வரம்பு அப்போது உதவாது என்பதையும் கவனியுங்கள். அந்த நேரத்துக்கு மட்டும் குறைந்த வரம்பு வைப்பதா, ஏற்றும் வேலையைக் காலைக்குத் தள்ளுவதா என்றால் என் ஓட்டு காலைக்கு. பட்டியலைக் காலையில் ஏற்றி, எத்தனை மணிக்கு விற்பனைக்கு வர வேண்டும் என்று நேரம் குறித்துவிடலாம்.

எட்டு மணிக்கு வேகம் விழுவது யார் தவறு? இதைத்தான் நிரூபிக்க வேண்டும். முதலில் வைஃபையை விட்டு வெளியே வாருங்கள். கணினியைக் கேபிள் போட்டு நேராக ரூட்டரில் சொருகுங்கள். கேட் 5இ கேபிள் போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில், அக்கம்பக்கத்தார் எல்லாரும் வீடு திரும்பும் மாலை நேரத்தில்தான் நெரிசலும் கூடும். நிறுவனத்தின் லைன் நெரிசலும் அதே நேரத்தில்தான். இரண்டும் ஒன்று போலவே தெரியும் என்பதால் வைஃபையில் எடுத்த அளவு எதையும் சாட்சியாக ஏற்க மாட்டார்கள். ஏற்காததும் நியாயம்.

கேபிளில் இருந்தபடி மூன்று சாளரங்களில் மூன்று பிங் ஓடவிடுங்கள். ஒன்று ரூட்டருக்கு, வழக்கமாக 192.168.1.1 அல்லது 192.168.0.1. இரண்டாவது, நிறுவனத்தின் முதல் முனைக்கு. டிரேஸ்ரூட் கட்டளை (பாக்கெட் போகும் வழியில் உள்ள முனைகளை வரிசையாகக் காட்டுவது) போட்டால் ரூட்டருக்கு அடுத்த வரியில் வரும் முகவரி அது. மூன்றாவது, 8.8.8.8 போல வெளியே உள்ள ஒன்றுக்கு. ரூட்டரிலேயே பாக்கெட் தொலைந்தால் குறை உங்கள் வீட்டில். ரூட்டர் சுத்தம், முதல் முனையிலும் வெளி முகவரியிலும் சேர்ந்தே தொலைகிறது என்றால் உங்கள் வீட்டிலிருந்து தெருப் பெட்டி வரையிலான பாதை அல்லது அந்தப் பகுதியின் பகிர்வு நெரிசல். முதல் முனை வரை சுத்தம், வெளியேதான் தொலைகிறது என்றால் நிறுவனத்தின் உள்வலையிலோ மற்ற வலைகளோடு அது இணையும் இடத்திலோ சிக்கல்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டிரேஸ்ரூட்டில் நடுவில் ஒரு முனை மட்டும் நட்சத்திரக் குறி காட்டி அதற்கு அடுத்த முனைகள் ஒழுங்காகப் பதில் சொன்னால் அது கோளாறே இல்லை. அந்தக் கருவி பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு முனையில் தொடங்கிய இழப்பு கடைசி வரை தொடர்ந்தால் மட்டுமே கணக்கில் எடுங்கள். முதல் முனையும் இப்படி வாய் மூடிக்கொண்டிருந்தால் அதற்கு அடுத்த முனையை எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரக் குறியைச் சுற்றி வட்டமிட்டு அனுப்பினால், மறுபக்கத்தில் இருக்கும் பொறியாளர் உங்கள் புகாரை அதோடு மூடி வைத்துவிடுவார்.

ஃபைபர் லைன் என்பதால் ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து ஒளி அளவையும் பாருங்கள். பெறும் திறன் என்ற இடத்தில் டிபிஎம் (ஒளித் திறனின் அலகு) கணக்கில் ஓர் எண் இருக்கும். ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் வகை இணைப்பில் மைனஸ் 15-க்கும் மைனஸ் 24-க்கும் இடையில் இருந்தால் நல்லது. மைனஸ் 25-ஐத் தாண்டினால் விளிம்பு; மைனஸ் 27-ஐ நெருங்கினால் அறுந்து அறுந்து வரும். காரணம் பெரும்பாலும் அற்பமானது: மேசைக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும் ஃபைபர், தூசி படிந்த இணைப்பு முனை, தெருவில் சரியாக ஒட்டாத ஒட்டு. மடிப்பை நீங்களே நீக்கலாம். முனையை விரலால் துடைக்கவோ வாயால் ஊதவோ வேண்டாம், அழுக்கு கூடும். ஃபைபர் நுனியைக் கண்ணால் உற்றுப் பார்க்கவும் கூடாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் ஒளியின் மேல் இல்லை; ஒளி பலவீனம் என்றால் காலையிலும் படுத்தும். மாலையில் மட்டும் வருவது பகிர்வு நெரிசல். ஜிபானில் நிறுவனத்தின் கருவியில் உள்ள ஒரு போர்ட்டின் (ஃபைபர் சொருகும் துளையின்) 2.5 கிகாபிட் இறக்கத்தையும் 1.25 கிகாபிட் ஏற்றத்தையும் 32 அல்லது 64 வீடுகள் பங்கு போடுவது வழக்கம். அது போதாதென்று, அந்தப் போர்ட்டுகளுக்குப் பின்னால் உள்ள பெரிய லைன் சிறுத்துப்போயிருந்தால் பகுதியே திணறும். போட்டி இல்லாத இடத்தில் அதைப் பெரிதாக்க அவசரம் யாருக்கும் இருக்காது.

நிறுவனத்தின் சொந்த வேகச் சோதனைப் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்தச் சர்வர் அவர்கள் வலைக்குள்ளேயே இருக்கும். வெளியே போகும் வழியில் உள்ள அடைப்பு அதில் தெரியவே தெரியாது. 50 மெகாபைட் கோப்பு ஒன்றை மேகச் சேமிப்பு எதிலாவது ஏற்றி, எத்தனை வினாடி ஆனது என்று எழுதுங்கள். 10 எம்பிபிஎஸ்ஸில் அது 40 வினாடியைக் கொஞ்சம் தாண்ட வேண்டும். அதே கோப்பை விபிஎன் (உங்கள் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை) போட்டும் ஒரு முறை ஏற்றுங்கள். விபிஎன்னில் வேகம் கூடினால் உங்கள் தெரு லைன் குற்றவாளி அல்ல. வேறு வழியாகப் போனால் போகிறது என்று அர்த்தம், அடைப்பு வலைகள் சந்திக்கும் இடத்தில். பெரிய நிறுவனங்களுக்கே இது தலைவலி: 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ், காம்காஸ்ட் வலையோடு நேரடியாக இணையப் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டதும் இந்தச் சந்திப்பு இடத்து நெரிசலை ஒட்டித்தான். சோதனை முடிந்ததும் விபிஎன்னை அணைத்துவிடுங்கள். அதோடு சந்தைத் தளத்துக்குள் நுழைந்தால் கணக்கு முடக்கம் வரை போகலாம்.

லேபிள் பக்கம் பகலிலும் சில நேரம் சுற்றுகிறதா? அப்படியானால் எம்டியு என்ற பாக்கெட் அளவைப் பாருங்கள். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிபிபிஓஇ லைனில் அது 1492. சாதாரண ஈதர்நெட்டில் 1500. ரூட்டரில் தப்பான அளவு இருந்தால் சிறிய பக்கங்கள் திறக்கும். பெரிய படிவம் அனுப்பும்போதும் கோப்பு ஏற்றும்போதும் மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். பிங் கட்டளையில் "துண்டாக்காதே" என்ற விருப்பத்தோடு 1464 என்ற அளவு கொடுங்கள். அது போய், 1465 போகவில்லை என்றால் 1492 சரி. பாக்கெட்டின் தலைப்புப் பகுதிக்கு 28 பைட் சேர்த்துக் கணக்கு. 1464-ம் போகவில்லை என்றால் பத்துப் பத்தாகக் குறைத்துப் போகும் அளவைக் கண்டுபிடித்து, 28 கூட்டி ரூட்டரில் எழுதுங்கள். எம்எஸ்எஸ் கிளாம்பிங் (பாக்கெட்டுகளை அந்த அளவுக்குள் அடக்கும் வசதி) என்று ஒரு பெட்டி இருந்தால் அதையும் டிக் செய்துவிடுங்கள்.

சந்தைத் தளத்தின் சந்தேகத்துக்கு வருவோம். ரூட்டரின் வான் (WAN) ஐபி, அதாவது வெளிவலைப் பக்கத்து முகவரி எண், என்ன என்று பாருங்கள். அது 100.64-இல் தொடங்கி 100.127 வரையிலான எண்ணாகவோ, 10 என்று தொடங்குவதாகவோ இருந்து, "என் ஐபி என்ன" என்று வெளித் தளத்தில் கேட்டால் வேறு எண் வந்தால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பொது ஐபி ஒன்றைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் ஏற்பாடு அது. இதற்கென்றே அந்த 100.64 எண்வரிசையை 2012-இல் ஒதுக்கினார்கள். அதே ஐபியில் யாரோ ஒருவர் கணினி வைரஸ் பிடித்து எல்லாத் தளங்களையும் தட்டிக்கொண்டிருந்தால், தளத்தின் கண்ணுக்கு அவரும் நீங்களும் ஒரே ஆள். இன்னொரு தொல்லையும் உண்டு: ஒரு வீட்டுக்கு இத்தனை போர்ட் (இணைப்புகளைப் பிரித்தறியும் எண்; சொருகும் துளை அல்ல) என்று அளந்து கொடுப்பார்கள். இருபது தாவல்களைத் திறந்து வைத்து வேலை செய்தால் அந்த எண்ணிக்கை தீர்ந்து, பக்கத்தில் பாதிப் படங்கள் வராமல் நிற்கும்.

முதலில் ரூட்டரில் ஐபிவி6 (எண்களுக்குப் பஞ்சமில்லாத புதிய ஐபி முறை) இயங்குகிறதா என்று பாருங்கள். நிறுவனம் கொடுத்தால் அதை இயக்குங்கள். அதை ஏற்கும் தளங்களுக்கு இந்தப் பங்கீடு இல்லாமல் போகலாம். இல்லையென்றால் நிலையான ஐபி கேளுங்கள். தனிக் கட்டணம் வாங்குவார்கள், வேகம் துளியும் அதிகரிக்காது, ஆனால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். வாங்கியதும் அந்த எண் தடைப்பட்டியல் எதிலாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் உடனே மாற்றித் தரச் சொல்லுங்கள். பழைய வாடிக்கையாளரின் பாவம் அதில் ஒட்டியிருக்கலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸிலிருந்து அங்கீகாரச் செயலிக்கு மாற்றுங்கள். 30 வினாடிக்கு ஒரு முறை மாறும் ஆறிலக்க எண்ணை அது நெட் இல்லாமலே போட்டுக் காட்டும்.

மெயில்தான் நிஜமான நஷ்டம். உறுதி மெயில் வராத வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்கிறார் அல்லது "ஏமாற்று" என்று விமர்சனம் எழுதுகிறார். முதலில், அனுப்பிய மெயில் திரும்பி வந்ததா, சத்தமில்லாமல் மறைந்ததா என்று பாருங்கள். திரும்பி வந்ததில் 550 என்று தொடங்கும் எண் இருந்தால் நிரந்தர மறுப்பு. பக்கத்தில் காரணமும், பெரும்பாலும் ஒரு முகவரி இணைப்பும் இருக்கும். 421 அல்லது 451 என்றால் "இப்போது வேண்டாம், பிறகு வா" என்ற தற்காலிக மறுப்பு. ஒழுங்கான அனுப்பும் சர்வர் தானாகவே மறுபடி முயலும். எதுவுமே திரும்பவில்லை என்றால் பெரும்பாலும் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குள் போய்க் கிடக்கும்.

வீட்டு லைனிலிருந்து நேராக மெயில் அனுப்பும் ஏற்பாடு எதுவும் இருந்தால் நிறுத்திவிடுங்கள். 25-ஆம் போர்ட்டை வீட்டு இணைப்புகளில் பெரும்பாலான நிறுவனங்கள் அடைத்துவிடுகின்றன. ஸ்பேமைத் தடுக்க அது வேண்டியதும்கூட. மெயில் நிரலில் 587 அல்லது 465 போர்ட் போட்டு, பயனர் பெயரோடு, ஆர்டர் மெயில் அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் சேவை ஒன்றின் வழியாக அனுப்புங்கள். பிறகு டொமைனின் டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயருக்கான விவரங்கள் இருக்கும் பதிவேட்டில்) மூன்று பதிவுகள். எஸ்பிஎஃப், உங்கள் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்வது. டிகிம், ஒவ்வொரு மெயிலிலும் கையெழுத்து. டிமார்க், இரண்டும் பொருந்தாவிட்டால் பெறுபவர் என்ன செய்ய வேண்டும் என்பது.

தவறு நடப்பது எஸ்பிஎஃப்பில்தான். தளத்துக்கு ஒன்று, மெயில் சேவைக்கு ஒன்று என்று இரண்டு எஸ்பிஎஃப் வரிகள் போட்டுவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரிக்குள் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும், அதற்குள்ளும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது. டிமார்க்கை முதலில் "எதுவும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு" என்ற நிலையில் போட்டு, இரண்டு மூன்று வாரம் அறிக்கையைப் பார்த்துவிட்டு இறுக்குங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் இந்தப் பதிவுகளைக் கறாராகக் கேட்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றுமே கட்டாயம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அந்த ஒரு நிறுவனத்தின் முகவரிகளுக்கு மட்டும் போகவில்லை என்றால், அவர்களுடைய வடிகட்டி தடுக்கிறது. இதற்குக் கஸ்டமர் கேரை அழைப்பது வீண் வேலை. லைன் பார்க்கும் ஆளுக்கும் மெயில் பார்க்கும் ஆளுக்கும் தொடர்பே இருக்காது. போஸ்ட்மாஸ்டர் என்ற பெயரில் தனிப் பக்கமோ முகவரியோ வைத்திருப்பார்கள். மறுத்து வந்த மெயிலில் இருக்கும் இணைப்பு பெரும்பாலும் அங்கேதான் போகும். அனுப்பும் சர்வரின் ஐபி, டொமைன், நேரம், மறுப்பு வரி முழுசாக, இந்த நான்கையும் ஒட்டி அனுப்புங்கள். பதில் வரும் வரை, ஆர்டர் படிவத்தில் அந்த முகவரி தட்டப்பட்டவுடன் "எஸ்எம்எஸ்ஸிலும் உறுதி அனுப்புகிறோம்" என்று ஒரு வரி தோன்றும்படி வைத்து, அப்படியே அனுப்பவும் செய்யுங்கள். விளம்பர மெயிலையும் ஆர்டர் மெயிலையும் வேறு வேறு துணை டொமைன்களில் அனுப்புவதும் நல்லது. விளம்பரத்தை யாராவது ஸ்பேம் என்று குறித்தால் அந்தக் கறை ஆர்டர் மெயிலில் ஒட்டுவது குறையும்.

மாற்று லைன் கட்டாயம் வேண்டும். கம்பி நிறுவனம் ஒன்றுதான் என்றாலும் மொபைல் வலை வேறு இருக்கும். சிம் போடும் வசதியோ இரண்டு வான் துளைகளோ உள்ள ரூட்டராக எடுத்து, ஃபெயில்ஓவர் முறையில், அதாவது முதல் லைன் அறுந்தால் மட்டும் இரண்டாவதுக்கு மாறும்படி, வையுங்கள். இரண்டு லைனையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் லோடு பேலன்ஸ் வேண்டவே வேண்டாம். லோடு பேலன்ஸில் ஒரே நேரத்தில் இரண்டு ஐபிகளிலிருந்து நீங்கள் வருவதாகத் தெரியும், பணம் கட்டும் நடுவில் வெளியே தள்ளிவிடுவார்கள். லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 1.1.1.1, 8.8.8.8 என இரண்டு முகவரி கொடுத்து, இரண்டும் தொடர்ந்து மூன்று முறை பதில் சொல்லாவிட்டால் மாறும்படியும், ஃபைபர் ஐந்து நிமிடம் நிலையாக இருந்த பிறகே திரும்பும்படியும் வையுங்கள். இல்லையென்றால் விட்டு விட்டு வரும் லைனில் ரூட்டர் அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்கும். சிம் அதே நிறுவனத்தின் துணை நிறுவனமாக இருக்கக் கூடாது. டவருக்குப் போகும் ஃபைபரே அவர்களுடையதாக இருக்கவும் வாய்ப்புண்டு என்பதால், அடுத்த முறை ஃபைபர் படுக்கும்போது மொபைலும் சேர்ந்து படுக்கிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

மின்சாரத்தை மறந்துவிடுகிறோம். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் சேர்ந்து 20 வாட் அளவில்தான் எடுக்கும். பெரும்பாலும் இரண்டும் 12 வோல்ட். 8000 எம்ஏஎச் என்று எழுதிய சின்ன யூபிஎஸ் அவ்வளவு எம்ஏஎச்சையும் 12 வோல்ட்டில் தராது. உள்ளே உள்ள செல் 3.7 வோல்ட் கணக்கில் அது 30 வாட்மணி, விரயம் போக 25. ஆக, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. நாளின் லேபிள் மொத்தத்தையும் எடுத்து முடிக்க அது போதும். ஆர்டர் பட்டியலைக் காலையிலேயே கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் பொருளைக் கட்டும் வேலைக்கு நெட்டே தேவையில்லை.

இப்போது புகார். ஏழு நாள், காலை 10, மாலை 4, இரவு 9 என்று ஒரே மாதிரியாக அளந்து ஒரு பக்க அட்டவணை போடுங்கள். அதன் மேல் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "கேபிள் வழியாக நேரடியாக இணைத்த கணினியில் அளந்தவை. காலை 10 மணிக்கு அப்லோடு 9.4; இரவு 9 மணிக்கு 1.8 முதல் 2.3. இரவு நேரத்தில் உங்கள் முதல் முனையிலும் வெளி முகவரியிலும் 6 சதவீதம் பாக்கெட் இழப்பு. வீட்டு ரூட்டர் வரை இழப்பு இல்லை. ஒளி அளவு மைனஸ் 20 டிபிஎம். எங்கள் பகுதிப் போர்ட்டின் மாலை நேரப் பயன்பாட்டைப் பரிசோதித்து எழுத்தில் பதில் தரவும்." உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கோபம், நஷ்டக் கதை, மற்ற மூன்று கோளாறுகள் எதுவும் இதில் வேண்டாம். போனில் பேசினாலும் டிக்கெட் எண் (புகார் பதிவு எண்), தேதி, நேரம் குறித்துக்கொண்டு அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். டிக்கெட்டை அவர்கள் "தீர்ந்தது" என்று மூடினால் புதிதாகத் தொடங்காமல் பழைய எண்ணையே திறக்கச் சொல்லுங்கள். புதிய எண் வாங்கினால் கெடு நாளும் புதிதாக ஓடும். முதல் படியில் தீரவில்லை என்றால் நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு, அதற்கு மேல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு அல்லது நுகர்வோர் மன்றம். மேலே போகும் ஒவ்வொரு படியிலும் முதலில் கேட்கும் காகிதம் கீழ்ப்படியின் டிக்கெட் எண்தான். ஒரே நிறுவனம்தான் இருக்கிறது என்ற நிலையில் அண்டை வீட்டார் நாலைந்து பேரிடமும் இதே அட்டவணையை வாங்கிச் சேர்த்தால் கனம் கூடும்: நெரிசல் ஒரு வீட்டுக் கோளாறு அல்ல என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வணிகத் திட்டத்துக்கு மாறச் சொல்லி ஆசை காட்டுவார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். குறைந்தபட்ச அப்லோடு எவ்வளவு, பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்வார்கள், தாமதமானால் எவ்வளவு கழிவு என்ற மூன்றும் எழுத்தில் இருந்தால் வாங்குங்கள். "அதிகபட்சம்", "இயன்றவரை" என்ற சொற்கள் மட்டும் இருந்தால் அதே லைனுக்கு அதிகக் கட்டணம் கட்டப்போகிறீர்கள்.

24 மாத ஒப்பந்தத்தை முறிப்பது கடைசி ஆயுதம். ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம் எதுவும் சொல்லியிருந்து, ஏழு நாள் அட்டவணையும் தீராத டிக்கெட்டும் கையில் இருந்தால், முறிப்புக் கட்டணம் இல்லாமல் விடுவிக்கச் சொல்லிக் கேட்கப் பலமான இடம் உங்களுக்கு உண்டு. ஒப்பந்த நடுவில் அவர்களே கட்டணத்தையோ நிபந்தனையையோ மாற்றியிருக்கிறார்களா என்றும் பழைய பில்களைப் புரட்டிப் பாருங்கள். அதற்கென விலகும் உரிமை தரும் ஒப்பந்தங்கள் பல. கட்டணத்தை நீங்களாக நிறுத்திவிட்டுச் சண்டை போடாதீர்கள், பாக்கிக்காரர் ஆனதும் உங்கள் புகார் அடியில் போய்விடும். விலகும் நாளில் ரூட்டர், ஃபைபர் பெட்டி, அடாப்டர் மூன்றின் வரிசை எண்களையும் படமெடுத்துக்கொண்டு, அந்த எண்கள் எழுதிய ரசீதை வாங்கிய பிறகே பொருளைக் கையில் கொடுங்கள். "பெட்டி வரவில்லை" என்று மூன்று மாதம் கழித்து வரும் பில்லுக்கு அந்த ரசீதுதான் பதில்.